பத்தாவது ஆள்

"பன்னு! அங்க எங்கப்பா போறே? நம்ம சந்து இங்க இருக்கு!"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பன்னு மட்டும் திரும்பவில்லை.

பன்னு என்றால் அதே சந்தில் குடியிருக்கிற ரொட்டிக்கடைக்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துபோயிருக்கும்.

அந்த ஊரில் பட்ஜெட்டுக்கு ஜனங்களிடம் கருத்துக் கேட்கிற விதமே அலாதி. வருஷத்துக்கு ஒருதரம் நகரசபை மண்டபத்துத் தரையில் ஊர் முழுவதையும் சுண்ணக்கட்டியால் வரைந்துவிடுவார்கள். எந்த இடத்தில் செலவு செய்ய வேண்டுமோ, அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். பேசவிட்டால் அடிதடியில் முடிகிறது என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்த ஏற்பாடு.

புது வேலை என்றால் பத்துப் பேராவது நிற்கணும். பழைய செலவு தொடர ஒரே ஒருத்தர் நின்றால் போதும். ஒருத்தருமே இல்லையா, வெட்டிவிடுவார்கள்.

மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் சுகமாகப் படுத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் தங்கள் ஊருக்குள்ளேயே அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். மார்க்கெட்டை ஒரே எட்டில் தாண்டினார்கள். நீலச் சுண்ணக்கட்டி வாய்க்காலைக் கடக்கும்போது தபால்காரர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தையல்காரம்மாவுக்கும் கனவில் நடக்கிற மாதிரிதான் இருந்தது. தன் வீட்டுக் கட்டத்தை மிதித்துவிடாமல் தள்ளி நின்றாள். உள்ளே அவள் புருஷன் படுத்திருக்கிறாரே! கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவருக்குப் படுக்கைதான்.

அவள் கேட்டதெல்லாம் சந்துக்கு ஒரு விளக்கு. மகள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து பஸ் இறங்கி, இருட்டில் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறாள். அவள் கதவைத் தட்டுகிறவரை இவளுக்கு ஊசியில் நூல் கோக்க ஓடாது.

வீடு வீடாகப் போய்க் கெஞ்சி ஆள் சேர்த்திருந்தாள். "விளக்குதானே? நான் இல்லாமலா அண்ணி!" என்றிருந்தான் பன்னு. போன மாசம் விடியாத இருட்டில் ரொட்டிக் கூடையோடு சாக்கடையில் விழுந்து, இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறவன் அவன்.

நகரசபைத் தலைவரம்மா ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே வந்தார். "சந்து விளக்கு... ஒன்பது பேர்."

"பத்தாவது ஆள் அதோ நிக்கிறான், கூப்பிடுங்க!"

மண்டபத்தின் மறுகோடியில், நூலக வண்டி வந்து நிற்கிற கட்டத்தில், தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான் பன்னு.

"எழுத்துக் கூட்டிப் படிக்கவே முக்கி முனகுறவனுக்கு நூலக வண்டி ஒரு கேடா?"

"மன்னிச்சுக்குங்க அண்ணி. நான் இங்கதான் நிக்கணும்."

"வண்டியில புத்தகம் கொடுக்கிற பொண்ணு அழகா இருப்பாம்மா. பய சும்மா நிப்பானா?" என்றார் தபால்காரர்.

மண்டபமே சிரித்தது. பன்னுவின் காது சிவந்தது. ஆனால் கால் அசையவில்லை.

"விளக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம். நூலக வண்டி தொடரும்," என்று முடித்துவிட்டார் தலைவரம்மா.

வெளியே செருப்பு மாட்டும்போது தையல்காரம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியே! இனிமே எங்க வாசப்படியில உன் கால் படக் கூடாது!"

"சரி அண்ணி," என்றான் அவன். அவ்வளவுதான்.

பாதத்தில் ஒட்டின சுண்ணப்பொடியோடு வீடு வந்து சேர்ந்தாள். புருஷன் ஜன்னலோரம் மார்பில் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, விளக்கு கிடைச்சுதா?"

"எங்க கிடைக்க? ஒரு ஆள் குறைஞ்சுபோச்சு. அந்தப் படுபாவி பன்னு நூலக வண்டிகிட்ட போய் நின்னுட்டான்!"

அவர் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது.

"நின்னுட்டானா? நான் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"என்ன சொல்றீங்க?"

"இந்தப் புத்தகமெல்லாம் எங்கேருந்து வருதுன்னு நினைச்சே?"

"நம்ம பொண்ணு கொண்டாந்து தர்றான்னு..."

"அவளுக்கு ஏது நேரம்? பன்னுதான் அந்த வண்டியில வாங்கி, நீ கடையில இருக்கிறப்போ ஜன்னல் வழியா நீட்டுவான். இது இல்லேன்னா நான் எப்பவோ சுவத்தைப் பார்த்துப் பார்த்தே பைத்தியம் பிடிச்சுச் செத்திருப்பேன். வண்டிக்கு இந்த வருஷம் நிக்க ஆளே இல்லைன்னு காலையில வந்து சொன்னான். 'போனாப் போகுது, நம்ம பொண்ணு இருட்டுல வர்றா, நீ விளக்குக்கே நில்லு'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"'எல்லாருக்கும் கால் இருக்கு, அவங்கவங்க இடத்துல போய் நிப்பாங்க. உங்களுக்கு யாருண்ணே நிப்பா?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டான்."

தையல்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது பேரைச் சேர்த்தவளுக்கு இந்த ஒரு மனுஷன் நினைவுக்கே வரவில்லையே!

பொழுது சாய்ந்தது. சந்து கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகி, பிறகு கறுத்துப்போனது. அவளுக்கு எழுந்து விளக்குப் போடக்கூடத் தோன்றவில்லை.

அப்போது சந்துக் கோடியிலிருந்து ஒரு வெளிச்சம் மெல்ல மெல்ல ஆடி ஆடி, நொண்டி நொண்டி வந்தது. வாசலுக்கு முன்னால் வந்து நின்றது.

மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, பன்னு சித்தப்பா டார்ச்சோட பஸ் ஸ்டாப்புக்கே வந்துட்டாரும்மா. சந்துக்கு விளக்கு வர்ற வரைக்கும் தினமும் வருவாராம். ஆனா உள்ள கூப்பிட்டா மட்டும் வாசப்படியில காலை வைக்க மாட்டேங்கிறாரு. ஏம்மா?"