கோணல் விரல்

திரையில் தன் இடத்தில், ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்து நின்றவனின் முகத்தைப் பார்த்ததும் எழுபத்தெட்டு வயது செல்வின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

பாளை ஸ்டார் கிரிக்கெட் கிளப்பின் நூறாண்டு வரலாற்றை, நேரில் நடப்பதுபோல இயந்திரம் உருவாக்கியிருந்தது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய 2009 இறுதிப்போட்டி, கடைசி ஓவர். பந்து பட்டு விரல் முறிந்தும், அடுத்த பந்திலேயே ஸ்டம்பிங் செய்து கோப்பையை வாங்கித் தந்தவர் செல்வின். இங்கே அதைச் செய்வது கிளப்பின் புதிய புரவலருடைய அப்பா தினகர். இரண்டு கேட்ச்சைக் கோட்டைவிட்டு, அரையிறுதிக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆள்!

"நான் எங்கடே?"

"தண்ணி கொண்டு வாறீங்க பாருங்க, அண்ணாச்சி," என்றான் கிளப் செயலாளர் ஜோயல். "பேட்டியும் கொடுக்கீங்க."

திரையில் செல்வினின் முகம், செல்வினின் குரலிலேயே உருகியது: "அன்னைக்குத் தினகர் இல்லன்னா கிளப்பே இல்ல."

அவர் கொடுக்காத பேட்டி. யாரோ தன் வாய்க்குள் எச்சில் துப்பியதுபோல இருந்தது அவருக்கு.

ஜோயல் ஸ்கேனரை நீட்டினான். "ஒரு சின்ன உதவி அண்ணாச்சி. உங்க கோணல் விரலைக் கொஞ்சம் காட்டுங்க. க்ளோசப்ல தினகர் விரல் நேரா இருக்கு. வரலாறு தத்ரூபமா இருக்கணும்லா?"

"அவனையே கூட்டிட்டு வா. நான் உடைச்சுத் தாரேன்."

"அவரு செத்துப் பத்து வருஷமாச்சே!"

"அப்ப மகனைக் கூப்பிடு," என்றார் செல்வின், சட்டைக் கையை மடித்துவிட்டபடி.