பத்து ஹெர்ட்ஸ் தாசில்தார்

நிலம் போகிறதே என்று ஒரு விவசாயி எதிரில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

பார்க்கிறவர்கள் பாட்டு கேட்கிறான் என்றுதான் நினைப்பார்கள். நான் கேட்டது பாட்டில்லை, சிகிச்சை.

என் பெயர் காயாரோகணம். அப்போது புறவழிச்சாலைக்கு நஞ்சை நிலம் எடுக்கிற தனி தாசில்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் "சீக்கிரம் முடிங்க" என்று போன் போடுவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வாசலில் கறுப்புக் கொடியோடு உட்காருவார்கள். தேர்தல் வந்தது. இரண்டு கட்சியும் இடம் மாறிக்கொண்டன. எனக்கு மட்டும் அதே நாற்காலி, அதே திட்டு.

உச்சகட்டம் எல்லையம்மாள். இருக்கிற ஒரு மா நிலமும் சாலைக்குள் போகிறது. ஒருநாள் நாற்று முடியோடு வந்து என் மேசையில் ஓங்கி அடித்தாள். சேறு ஃபைல் மேலும் என் சட்டை மேலும் தெறித்தது. நானும் பதிலுக்குக் கத்தினேன். மறுநாள் டாக்டர் என் ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை அளந்துவிட்டு, "வேலையை மாத்துங்க, இல்லாட்டி உங்களை மாத்திக்குங்க" என்றார்.

வீடு பூதலூரில். ஆபீசுக்கு ரயிலில் போகும்போது யூடியூபில் ஒருவர் வழி சொன்னார். இடது காதில் இருநூறு ஹெர்ட்ஸ், வலது காதில் இருநூற்றுப் பத்து. மூளை இரண்டையும் கழித்து, பத்து என்று ஒரு ஓசையைத் தானே உண்டாக்கிக்கொள்ளுமாம். அந்தத் தாளத்துக்கு மூளையின் இரண்டு பாதியும் சேர்ந்து அசையுமாம். அப்புறம் பிரக்ஞையே வேறாகிவிடுமாம்.

அன்றே ஹெட்போன் வாங்கினேன்.

பத்தே நாள். ஆபீசே மாறிவிட்டது. அறைக்குள் வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பூனை மாதிரி நடந்து வந்தார்கள். ரகசியம் பேசுகிற குரலில் ரெண்டு வார்த்தை. மனுவை மெதுவாக வைத்துவிட்டு, என்னை ஒருமாதிரி கனிவாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் அலை அவர்களிடமும் பரவுகிறது என்று முடிவு கட்டினேன்.

"என் மூளையில ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடுச்சு" என்றேன், மனைவி சௌந்தரநாயகியிடம்.

"இதுக்கு முன்னாடி ரெண்டும் தனித்தனியா வேலை பார்த்துச்சாக்கும்" என்றபடி அவள் கீரையை ஆய்ந்தாள்.

ஞானிகளுக்கு வீட்டில் மரியாதை இருக்காது என்று தேற்றிக்கொண்டேன். மாவட்டத்தில் எல்லா தாசில்தாருக்கும் ஹெட்போன் வழங்கலாம் என்று கலெக்டருக்கு நான்கு பக்கக் குறிப்பு கூடத் தயாரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எல்லையம்மாள் மறுபடி வந்தாள். நாற்று இல்லை, வெறும் காகிதம். மெதுவாக ஏதோ சொன்னாள். காதில் இரைச்சல். வழக்கம்போலத் தலையாட்டினேன். காகிதத்தை வைத்தாள். போகவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். "இன்னும் என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. அந்த மெஷினை மாட்டுனா வலி கொஞ்சம் கேக்குதுங்களா?"

"என்ன வலி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. தலைக்குள்ள கட்டியாம். யாராச்சும் சத்தமாப் பேசுனா உசுருக்கே ஆபத்தாம். அன்னிக்கு நான் கத்துனது, நாத்தை அடிச்சது எல்லாத்தையும் மனசுல வச்சுக்காதீங்க. இப்ப ஊர்ல கட்டுப்பாடு போட்டிருக்கோம். இங்க வந்தா யாரும் குரலை ஒசத்தக் கூடாது."

"யாரும்மா சொன்னா?"

"பொன்னுத்தாய்தான்" என்று வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அதைத் திட்டாதீங்க. அழுதுகிட்டேதான் சொல்லிச்சு. அந்தக் காகிதத்தை மட்டும் கலெக்டருக்கு அனுப்பி வச்சிருங்கய்யா." பூனை நடை நடந்து வெளியே போனாள்.

அலுவலக உதவியாளர் பொன்னுத்தாயைக் கூப்பிட்டேன்.

"எனக்குக் கட்டின்னு சொன்னீங்களா?"

"ஆமாங்கய்யா." துளியும் தயங்கவில்லை.

"எதுக்கு?"

"நாங்க நெலத்தைப் பறிகொடுத்துட்டு நிக்கிறோம், இவரு பாட்டு கேக்குறாரான்னு நாப்பது பேரு கம்போட வந்துட்டாங்க. நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க. மூளையை ஒண்ணு சேக்குறாருன்னு சொன்னா நம்புவாங்களா? வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"அழுதீங்களாமே?"

"பயத்துல வந்த அழுகைங்க அது. எனக்கும் ரெண்டு அடி விழுந்திருக்கும்."

அவர் வெளியே போனார். மூளையின் எந்தப் பாதியும் அசையவில்லை. பரவியது என் அலை இல்லை. என் மேல் வந்த அனுதாப அலை.

எல்லையம்மாள் வைத்துவிட்டுப் போன காகிதத்தைப் பிரித்தேன். பார்வை, பொருள் எல்லாம் முறையாகப் போட்டு, யாரோ படித்தவர் எழுதியிருந்தார்.

'எங்கள் நிலம் சம்பந்தமாகத் தனியே மனு கொடுத்துள்ளோம். அது நிற்கட்டும். இந்த அதிகாரி நோயோடு எங்களுக்காகத் தலையாட்டிக்கொண்டிருப்பதை எங்களால் பார்க்க முடியவில்லை. அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்து, நல்ல ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க ஐயா அவர்கள் உத்தரவிட வேண்டும்.'

கீழே நாற்பத்தாறு பேர். எல்லாரும் நிலத்தை இழக்கிறவர்கள். முதல் கைரேகை எல்லையம்மாளுடையது.

அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்களில் நான் முழுசாகப் படித்த முதல் மனு அதுதான்.