கூட்டாகப் பிடித்த ஆள்

“ஆளைப் பிடிக்கிற லட்சணமா இது? கட்டை அவுத்து விடுங்க. நான் மறுபடியும் ஓடுறேன்.”

ஓடைக்கரைச் சேற்றில் குப்புறக் கிடந்தபடியே கொத்தனார் கத்தினார். முதுகில் ஒரு சிப்பாயின் முழங்கால் அழுத்திக்கொண்டிருந்தது.

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. போன வருஷம் வரைக்கும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு படைகளும் இப்போது கூட்டாளிகள். பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. எல்லை தாண்டி வருகிறவனை இருவரும் சேர்ந்து எப்படிப் பிடிப்பது என்று இன்றைக்கு ஒத்திகை. மேட்டில் கூடாரம் போட்டு, இரண்டு நாட்டுப் பெரிய அதிகாரிகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாண்டி வருகிறவனாக ஓடுவதற்குக் கூலிக்கு அமர்த்திய ஆள்தான் கொத்தனார்.

காலையில் வரும்போதே அவருக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கரையில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. முதல் பிள்ளை பிரசவத்திலேயே போய்விட்டதால், இந்தத் தடவை அம்மா பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று போனில் அழுகிறாள். அம்மாவைப் பாலம் வழியாக விடச் சொல்லி, இக்கரைக் கேப்டனிடம் கேட்டுப் பார்த்தார்.

“கூட்டுக் குழுவுக்கு மனு போடு. ரெண்டு நாடும் கையெழுத்துப் போடணும். மூணு மாசம் ஆகும்” என்றார் கேப்டன்.

“அதுவரைக்கும் வயித்துக்குள்ளயே இருன்னு பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். சுட்டுக்கிட்டு இருந்தப்பகூட, பிரசவம்னா பாலத்துல விட்டீங்க. நீங்க சிநேகமானதும் எங்களுக்கு வழி அடைஞ்சு போச்சு.”

“யோவ், வேலைக்கு வந்தியா, வம்புக்கு வந்தியா? போனைக் குடுத்துட்டுப் போய் ஓடு.”

ஓடினார். பிடித்தார்கள். பிடித்த பிறகுதான் இந்தக் கத்தல்.

“இப்ப என்னய்யா குறை உனக்கு?” பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார் இக்கரைக் கேப்டன்.

“சேர்ந்து பிடிக்கணும்னுதானே ஒப்பந்தம்? அவங்க ஆளு நாலு பேரு மேல விழுந்து மிதிக்கிறான். நம்ம ஆளு ரெண்டு பேரு, ஆளுக்கொரு காலைத் தொட்டுக்கிட்டு நிக்கிறான். மேட்டுல இருக்கிறவங்களுக்குக் கண்ணில்லையா? நாளைக்குப் பேப்பர்ல, அவங்கதான் பிடிச்சாங்கன்னு படம் வரும். எனக்கே வெக்கமா இருக்கு.”

கேப்டன் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. “நம்ம ஆளுங்க இன்னும் நாலு பேர வரச் சொல்லு” என்று உறுமினார்.

இரண்டாம் தடவை ஓடி விழுந்தபோது கொத்தனாரின் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, இப்போது அக்கரைக் கேப்டனிடம் பாய்ந்தார்.

“உங்க நாட்டுல ஆளுக்குப் பஞ்சமா சார்? இவங்க ஆறு பேரு நிக்கிறாங்க. நீங்க நாலு பேரோட, கல்யாண வீட்டுல கூப்பிடாம வந்தவங்க மாதிரி ஓரமா நிக்கிறீங்க. இதுக்குப் பேரு கூட்டா?”

அவருக்கும் காது சிவந்தது. “காவல் நிக்கிறவங்களையும் கூப்பிடு. அங்கெல்லாம் இவங்க ஆளு இருப்பாங்க” என்றார்.

அதைப் பார்த்த இக்கரைக் கேப்டனும் விடவில்லை. “நம்ம காவலையும் கூப்பிடு. அங்கெல்லாம் அவங்க ஆளு இருப்பாங்க.”

மூன்றாம் தடவை, நான்காம் தடவை. ஒவ்வொரு தடவையும் கொத்தனார் ஓடையில் இன்னும் கீழே ஓடினார். ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் தலை குறைந்ததாகச் சொல்லி வாய்க்கு வந்தபடி ஏசினார். கடைசியில் சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து வரிசையில் நின்றார்.

“இவனை யாருய்யா கூலிக்குப் பிடிச்சது? பிடிபட வந்தவன் நமக்குப் பாடம் எடுக்கிறான்” என்று அக்கரைக் கேப்டன் நொந்துகொண்டார்.

“முதுகுத்தோலை உரிச்சுட்டு நோகுறது நீங்களா? அழகா இருக்கு நியாயம். ஆளுக்கொரு கையைப் பிடிங்க. ஒரே நேரத்துல முறுக்குங்க. அப்பத்தான் அது ஒப்பந்தம்.”

இரண்டு கேப்டன்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, ஒரே நேரத்தில் முறுக்கினார்கள். மேட்டில் கைதட்டல் எழுந்தது. பெரிய அதிகாரிகள் எழுந்து நின்று கை குலுக்கிக்கொண்டார்கள்.

கட்டை அவிழ்த்துவிட்டு, கொத்தனாரின் போனை அவர் கையில் திணித்தார் இக்கரைக் கேப்டன். “பார்த்தேல்ல? இனிமே இந்த எல்லையில ஒரு எறும்பு தாண்டாது. மனு போட்டுட்டுப் பேசாம வீட்டுல இரு.”

கொத்தனார் சேற்றுக் கையாலேயே போனைத் தட்டிக் காதில் வைத்தார். அக்கரையிலிருந்து தங்கை புருஷன் எடுத்தான்.

“மச்சான், போதும், இனிமே கத்தாதீங்க. நீங்க சொன்ன மாதிரியே பாலத்துல ரெண்டு பக்கமும் ஒரு ஆள்கூட இல்லையாம். அத்தை நடந்தே வந்து சேந்துட்டாங்க.”