ரசமட்டம்

போர்வைக்குள் உட்கார்ந்து முட்டையை டார்ச் வெளிச்சத்தின் மேல் வைத்தான்.

மதியம் இரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே முட்டை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது.

அகன்ற முனையில் காற்று ஒரு சின்ன வட்டமாய் அடங்கி இருக்க வேண்டும்.

அடங்கவில்லை. முட்டையைச் சாய்த்தால் குமிழியும் ஓடியது. நிமிர்த்தினால் திரும்பி ஓடியது. கொத்தனாரின் ரசமட்டத்தில் ஓடுமே, அது போல. நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது.

பத்து முட்டையிலும் அப்படித்தான்.

குஞ்சு பொரிக்கவென்று வாங்கிய சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகள். பொள்ளாச்சியிலிருந்து சங்கரன்கோவில் வரை பஸ்ஸில் வந்தவை. எவனோ ஒரு டிரைவர் குலுக்கு குலுக்கென்று குலுக்கிக் கொண்டுவந்து போட்டிருக்கிறான்.

எவனோ என்ன எவனோ! இருபத்திரண்டு வருஷம் இவனும் அப்படித்தானே ஓட்டினான். 'மெதுவாக வைக்கவும்' என்று எழுதிய எத்தனை பெட்டி இவன் பஸ்ஸின் கூரையில் குதித்துக்கொண்டே போயிருக்கும். நினைக்க வெட்கமாக இருந்தது.

அவன் மனைவி முப்பிடாதி, முட்டை அனுப்பியவரிடம் போனில் விவரம் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

“நிமுந்தேதான் இருக்கணுமாம். ஒரு வாரத்துக்குத் திரும்பக் கூடாதாம், அசையக் கூடாதாம். தானா அடங்குனா உண்டாம். டாக்டர் உங்களுக்குச் சொன்னதையே அவரு முட்டைக்குச் சொல்லுதாரு.”

அவனுக்கும் சிரிப்பு வந்தது. தலையை ஆட்டாமல் சிரித்தான்.

ஒரு மாதமாகத் தலைசுற்றல். காதுக்குள் மணல் மாதிரி ஏதோ கழன்று ஓடுகிறது என்றார் டாக்டர். குனிந்தால் வீடு சுழன்றது. சட்டென்று திரும்பினால் சுவர் ஓடியது, பீரோ ஓடியது, முப்பிடாதியே ஓடினாள்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மெடிக்கல் போர்டு. குனி என்பார்கள், நிமிர் என்பார்கள், திரும்பு என்பார்கள். தடுமாறினால் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

பஸ்ஸை விட்டால் அவனுக்கு வேறொன்றும் தெரியாது. பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆடாத இடம் தரைதான் என்று தெர்மாகோல் பெட்டியைத் தரையில் வைத்தாள் முப்பிடாதி. உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். முட்டை அட்டையில் கூர்முனை கீழாகப் பத்தும் நிமிர்ந்து உட்கார்ந்தன.

இடி இடித்தால் கரு கலங்கும் என்று முட்டையோடு இரும்பு போட்டு வைப்பார்கள். அவள் அவனுடைய டூல்ஸ் பெட்டியைக் கிளறி ஒரு வீல் நட்டை எடுத்துப் போட்டாள்.

மறுநாள் அவன் தன் தலையணையை நகர்த்தியபோது அடியில் இன்னொரு வீல் நட்டு இருந்தது.

எடுத்துப் பார்த்தான். இருந்த இடத்திலேயே வைத்தான்.

பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அவனும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்தே தூங்கினான். பகல் எது, கனவு எது என்று பிடிபடவில்லை. பல்பின் மஞ்சள் சுவரெல்லாம் ஊறியது.

வீடு மெல்லக் கிளம்பியது.

அவன்தான் ஓட்டினான். பின்னால் பத்துப் பயணிகள், நிமிர்ந்தபடி, பேசாமல். மேடு இல்லை, பள்ளம் இல்லை. பிரேக்கைத் தொடவே இல்லை. எந்த ஊரும் வரவில்லை, யாரும் ஊர் கேட்கவும் இல்லை. அடேயப்பா, அப்படி ஓர் ஓட்டு அவன் ஆயுசில் ஓட்டியதில்லை.

ஒரு வாரம் போனதும் முப்பிடாதி அட்டையை மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தாள்.

பத்தாம் நாள் போர்வைக்குள் பார்த்தபோது ஆறு முட்டைகளில் கரு இல்லை, வெறும் வெளிச்சம். பதினெட்டாம் நாள் இன்னும் மூன்று, கறுத்து, அசைவில்லாமல். அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

கனவில் ஒன்பது சீட் காலியானது.

மிஞ்சிய ஒன்றில் குமிழி நின்றிருந்தது. சரியாக முனையில் இல்லை, ஒரு பக்கம் சரிந்து. ஆனாலும் நின்றிருந்தது.

நீயாவது வந்து சேர் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

குஞ்சு வர வேண்டிய இருபத்தோராம் நாள் ஒன்றும் நடக்கவில்லை.

“கூமுட்டையாத்தான் இருக்கும், விடுங்க” என்றாள் முப்பிடாதி. சொல்லிவிட்டுப் பல்பை அணைக்காமல் போனாள்.

மறுநாள் காலை அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் துணி விழும் சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே இன்னொரு சத்தம் கேட்டது.

டொக்.

அவன் நாற்காலியை விட்டு இறங்கினான். மண்டியிட்டான். குனிந்தான். மூடியை விலக்கிக் காதைப் பெட்டிக்குள் கொண்டுபோனான், மணல் ஓடும் அதே காதை.

ஓட்டுக்குள் யாரோ கீச்சென்றார்கள். உப்புக்கல் அளவு ஒரு விரிசல், அதன் ஓரம் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

“ஐயையோ, என்னங்க! குனியாதீங்க!”

சட்டென்று திரும்பினான்.

சுவர் நின்ற இடத்தில் நின்றது. பீரோ நின்றது. நிலைப்படியில் முப்பிடாதி, முழங்கை வரை சோப்பு நுரையோடு, ஓடாமல் நின்றாள்.

அவன் மூச்சு விடவில்லை. முகத்தை மறுபடியும் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“இன்னொரு தடவ கூப்பிடு” என்றான்.