மடிப்புடவையில் கரி

ருக்மிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிக் கொடியில் காயப்போட்டிருந்த மடிப்புடவையில் இன்றைக்கும் பொட்டுப் பொட்டாகக் கரி.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். செருப்பு மாட்டக்கூடப் பொறுமையில்லை.

மாமனார் காலத்திலேயே ஆஸ்டின் டவுனுக்கு வந்த குடும்பம். இந்த அக்கிரமத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு மாதமாகத்தான் இந்தக் கூத்து. விடிந்தும் விடியாத ஐந்து மணிக்குப் பின்சந்துத் தகர வீடுகளிலிருந்து கருகருவென்று புகை கிளம்பும். ஊரில் வேறு இடமே இல்லாதது போல நேரே இவள் மாடிக்குத்தான் வரும். சமையலுக்கு வரும் சந்திரம்மாவிடம் தினமும் இதைச் சொல்லித் தீர்ப்பாள். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். வாயே திறக்காமல் குனிந்த தலை நிமிராமல் காய் நறுக்குவாள்.

சந்துக்குள் நுழைந்ததும் ஆள் அகப்பட்டுவிட்டான். மெக்கானிக் முனிகிருஷ்ணன் என்று பால்காரர் சொன்ன அதே ஆள். பழைய கிரீஸ் டிரம்மை அறுத்து, உள்ளே ஒரு பிரேக் டிரம்மை வைத்து, அதன்மேல் கருப்பு ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எரித்துக்கொண்டிருந்தான். மேலே இருந்த அண்டாவில் ஆவி பறந்தது. பக்கத்தில் சாக்குத் திரை கட்டிய மறைப்புக்குள் யாரோ குளிக்கும் சத்தம்.

ருக்மிணி வீடியோவை ஓடவிட்டாள். ஏரியா குரூப்பில் போட்டு, கார்ப்பரேஷனுக்கும் அனுப்பி, இதைப் பிடுங்கி எறியாமல் விடப்போவதில்லை என்று பொரிந்து தள்ளினாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

முனிகிருஷ்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். டிரம் சூடேறுகிற பத்து நிமிஷம்தான் புகையும், அப்புறம் இருக்காது என்றான். ஒர்க்‌ஷாப்பில் வீணாகிற எஞ்சின் ஆயில்தான், கேஸில் வெந்நீர் போட்டால் சிலிண்டர் மாசம் தாங்காது என்றான்.

"ஸ்வல்ப பொறுத்துக்கங்க மேடம். குளிர் போற வரைக்கும்தான்."

"உனக்கு வெந்நீர் வேணும்னா எங்க வீட்டுல கரி பூசுவியா? பச்சைத் தண்ணியில குளிச்சா உயிரா போயிடும்?"

"நான் பச்சைத் தண்ணியிலதாம்மா குளிக்கிறேன். இது என் வூட்டுக்காரிக்கு."

"அவ என்ன பெரிய மகாராணியா?"

அவனுக்கும் சுர்ரென்று ஏறியது.

"மகாராணி வூட்ல சமையல் பண்றா மேடம். டெய்லி தலைக்குக் குளிச்சிட்டு, ஈரத் தலையோட ஆறு மணிக்கு வந்து நின்னாதான் அடுப்பைத் தொட வுடுவாங்களாம். இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணி ஊத்தி ஊத்தி, நெஞ்சுல சளி கட்டிக்கினு ராவெல்லாம் இருமுனா. அதான் இதைச் செஞ்சேன். அந்தம்மாவுக்கு என்னா, கெய்சர் இருக்கு. வீடியோ எடுக்கணும்னா அந்த வூட்ல போய் எடுங்க."

ருக்மிணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சாக்குத் திரை விலகியது. சொட்டச் சொட்ட நனைந்த தலையில் துண்டைச் சுற்றியபடி வெளியே வந்தவளைக் கண்டதும், போன் பிடித்த கை தானாகத் தாழ்ந்தது.

"குளிச்சிட்டேம்மா" என்றாள் சந்திரம்மா. "நீங்க போங்க. அஞ்சு நிமிஷத்துல வந்து அடுப்பு பத்த வெக்கிறேன்."