வந்தனாவின் வீடு

"அந்த மாலையை மட்டும் கழட்டப்படாது" என்றார் வீட்டுக்காரர் மகாதேவன்.

ஹாலில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது படம். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, சந்தன மாலைக்குள் லேசாகத் தலை சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு வந்தனா. போயிட்டா. மூணு வருஷம் ஆச்சு."

ரஞ்சனா கையிலிருந்த வாடகை ஒப்பந்தத்தை மடித்து வைத்தாள். நார்வே நாட்டுக் கிறிஸ்தவ நிறுவனம் ஒன்று மும்பையில் ஊழியப் பயிற்சி மையம் தொடங்குகிறது. இடம் பிடித்து ஆபீஸ் அமைக்கும் வேலை அவளுடையது. செம்பூரில் ஏழு வீடு பார்த்து, ஏழும் கை நழுவி, கடைசியில் மாட்டுங்காவில் இந்த இரண்டாம் மாடி வீடு கிடைத்திருந்தது.

"சார், இங்க ஜெபம், பாட்டு எல்லாம் நடக்கும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

அவர் படத்தைப் பார்த்தபடியே நின்றார். "நடக்கட்டும். அப்புறம் இந்த போன், பழைய லைன். இதையும் எடுக்கப்படாது."

சாவியைக் கொடுத்துவிட்டு, மகன் வீடு இருக்கும் முலுண்டுக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்த போன் அடித்தது. ரஞ்சனா எடுத்து, "ஹலோ, பயிற்சி மையம்" என்றாள். எதிர்முனையில் பேச்சில்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த நாளும் அதே பதினோரு மணி, அதே மூச்சு.

பெருக்கித் துடைக்க தாராவியிலிருந்து கோகிலவாணி வந்துகொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக அந்தக் கட்டடத்தில் வேலை பார்ப்பவள். அவள் படம் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் மட்டும் துடைப்பத்தைக் கொண்டுபோகவில்லை.

"என்னக்கா, அந்தப் பக்கம் விட்டுட்டீங்க?"

"நமக்கு எதுக்கு மேடம் வம்பு?" கோகிலவாணி குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் புள்ள பொணத்த இந்த பில்டிங்ல ஆரும் பாக்கல. வெளியூர்ல செத்துட்டான்னு சொன்னாவ. ஐயரு வந்து காரியம் பண்ணிட்டுப் போனாரு, அம்புட்டுத்தான். அவ அம்மாவும் அதே வருசம் ஏங்கியே போய்ச் சேந்தாவ. அதுக்கப்புறம் வீடு பூட்டியே கெடந்துது. ஆனா உள்ள தெனமும் போன் அடிக்கும் மேடம். எடுக்க ஆளில்லாத வீட்டுக்கு ஆரு போன் பண்ணுவா?"

ரஞ்சனா சிரித்து வைத்தாள். ஆண்டாப் ஹில்லில், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள். பேய் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட அவளுக்குக் கூச்சம். ஆனாலும் அடுத்த நாள் பத்து ஐம்பதுக்கே கீழே டீக்கடைக்குப் போய் நின்றுகொண்டாள். பதினொன்றேகாலுக்குத்தான் மேலே ஏறினாள்.

மேஜை நாற்காலி வந்தது. பிரிண்டர் வந்தது. பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. படத்திலிருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நெட் கனெக்‌ஷன் கொடுக்க ஆள் வந்திருந்ததால் ரஞ்சனா டீக்கு இறங்க முடியவில்லை. அவன் போன கையோடு போன் அடித்தது. இருபது முறையாவது அடித்திருக்கும். மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே ரிசீவரை எடுத்தாள்.

"யாருங்க? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

மூச்சு நின்றது. பிறகு ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"அப்பா இருக்காரா?"

"எந்த அப்பா? நீங்க யாரு?"

"வந்தனா."

ரிசீவர் கையிலிருந்து நழுவி மேஜைக்குக் கீழே தொங்கி ஆடியது. அதை எடுத்து வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கதவைப் பூட்டக்கூட மறந்து, இறங்கி ஓடினாள்.

வேலையை விடுவதாக அன்றே நார்வேக்கு மெயில் போட்டாள். காரணம் எழுத வெட்கப்பட்டு, உடம்பு சரியில்லை என்று எழுதினாள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் தம்பியைக் கல்லூரியில் சேர்த்திருந்தார்கள். அதை நினைத்து அழுகை வந்தது.

பதில் சனிக்கிழமை வந்தது. 'மும்பை முகவரியைப் பார்த்ததுமே, புனேயில் இருக்கும் எங்கள் ஆசிரியை ஹன்னா, தானே அங்கே பொறுப்பேற்பதாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை வருவார். சாவியை மட்டும் அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.'

திங்கட்கிழமை விடியும்போதே மழை. ரஞ்சனா துணைக்குக் கோகிலவாணியைக் கூட்டிக்கொண்டு வந்து, திறந்த கதவுக்கருகிலேயே நின்றாள். மேகம் மூடி ஹால் இருண்டு கிடந்தது.

படியேறி வந்த பெண், குடையை வெளியே சாய்த்து வைத்தாள். "நான் ஹன்னா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கண்ணால்கூடத் தேடவில்லை. பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, அங்கே ஒளிந்திருந்த ஸ்விட்சைத் தட்டினாள்.

விளக்கு எரிந்தது. நெற்றியில் பொட்டில்லை, கன்னம் சற்று ஒட்டியிருந்தது. மற்றபடி அதே முகம், அதே தலைச் சாய்வு.

"எம்மா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் கோகிலவாணி துடைப்பத்தோடு படியிறங்கி ஓடினாள். ரஞ்சனா பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது.

அந்தப் பெண் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டாள். கிட்டே போய், அதன் அடியில் எழுதியிருந்த மறைவுத் தேதியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

பிறகு வந்து ரஞ்சனாவின் கையைப் பிடித்தாள். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது.

"பயப்படாதேங்கோ" என்றாள். நடுங்கியது அவள் குரல்தான். "அன்னிக்கு நான் சாகலை. ஞானஸ்நானம் எடுத்துண்டேன்."