இரண்டாவது கோட்

"இன்னொரு கோட் அடிச்சா கறை போயிடும்க்கா," என்றது பெயிண்ட் ரோலர்.

"தொட்டிலுக்கு ஒரு சாண் மேலே அவ புருஷன் எறிஞ்ச குழம்புக் கிண்ணத்தோட கறைடி இது," என்றது சுவர். "நாளைக்கு அவ அப்பா வர்றார். இதைப் பார்த்தாத்தான் தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போவார். அதுக்காகத்தான் காப்பாத்தி வச்சிருக்கேன். அவனா உன்னைப் பிடிச்சிருக்கான்?"

"இல்லக்கா. வளையல் போட்ட கை. இடுப்புல குழந்தையை வச்சுக்கிட்டு அவளேதான் அடிக்கிறா. இந்த இடத்துல மட்டும் நாலு தடவை."

சுவர் விடவில்லை. பெயிண்ட் காய்ந்ததும் மஞ்சள் கறையை மறுபடி வெளியே தள்ளிக் காட்டியது.

அவள் பார்த்தாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். சுத்தியலோடு வந்து, கறையின் நடுவில் ஆணி அடித்து, கல்யாணப் போட்டோவை மாட்டினாள்.